பட்டனைப் பாக்காதீங்க, காத்தைப் பாருங்க

செப்டம்பர் 22-ல புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18-க்கு இறங்கிச்சு. அன்னையில இருந்து நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே டயர் பேச்சு. யார் வீட்டுல எல்லாம் ஜிம்னியோ, பழைய ஜிப்சியோ, ஜீப்போ நிக்குதோ, அவங்க எல்லாருக்கும் ஒரே ஆசை. கட்டை கட்டையா பட்டன் வச்ச, வண்டிக்கு வெளிய நாலு விரக்கடை நீட்டிக்கிட்டு நிக்கிற மட் டயர் போடணும். "மழை வருதுல்லா மக்கா, சேத்துல போகணும்லா" என்பதுதான் காரணம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நாசரேத்தைச் சுத்தி இருக்கிற சேத்துக்கு, ஒன்றே கால் டன் எடை உள்ள ஒரு சின்ன 4-வீல் டிரைவ் வண்டிக்கு, அந்த டயர் தேவை இல்லை. பல இடத்துல அது கெடுதல்.

(எனக்கு டயர்ல இருக்கிற 'ட்ரெட்'டுக்குத் தமிழ்ல என்னன்னு தெரியாது. அகராதியில ஏதோ இருந்தது. பஞ்சர் கடை அண்ணாச்சி 'பட்டன்'னு சொன்னார். அதையே வச்சுக்கிறேன்.)

இதை நான் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை. 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. நம்ம மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற சராசரி மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட மாட்டிக்கிட்டு நின்னது, தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லி எல்லாம் அடிச்சிட்டுப் போய் தண்டவாளம் அந்தரத்துல தொங்கினது எல்லாம் நீங்க பாத்த படங்கள்தான். நான் அப்ப செகண்ட் இயர்.

தண்ணி வடிஞ்ச பிறகு ஒருநாள் நானும் சித்தப்பாவும் இன்னும் ரெண்டு பேரும், தென்திருப்பேரை பக்கம் சொந்தக்காரங்களுக்கு அரிசி, குடிதண்ணி கேன், ஆச்சியோட சுகர் மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனோம். சித்தப்பா அந்த வருஷம்தான் ஜிம்னி வாங்கியிருந்தார். வாங்கின ரெண்டாவது மாசமே கம்பெனி டயரைக் கழட்டி மச்சுல போட்டுட்டு, 235/75 ஆர் 15 மட் டயர் போட்டுட்டார். டயர் மாத்தின கடையில, "இனிமே உங்களுக்கு ரோடே வேண்டாம் சார்"னு சொல்லி அனுப்பினாங்களாம்.

வாய்க்கால் கரையை ஒட்டி வாழைத் தோட்டத்துக்குள்ள போற பாதை. மேல முழங்கால் அளவு வண்டல். அம்பது அடி போயிருப்போம். நாலு டயரும் சுத்துது, வண்டி நகரலை. பட்டனுக்கு நடுவுல எல்லாம் வண்டல் அப்பி, டயர் நாலும் வழுவழுன்னு மண்பானை மாதிரி ஆயிடுச்சு. சித்தப்பா இன்னும் மிதிச்சார். ஆக்சில் வரைக்கும் உக்காந்துட்டு. மாத்திரை டப்பாவைத் தலையில வச்சுக்கிட்டு நான் இறங்கி நடந்தேன். அன்னைக்கு அந்த மாத்திரைதான் அவசரம். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

திரும்பி வந்தப்ப ஒரு டிராக்டர் அண்ணாச்சி கயிறு கட்டிக்கிட்டு இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "காத்து எவ்வளவு வச்சிருக்கிய?"

"35."

"அப்ப எங்க போகும்? இறக்குங்க பாதி."

வால்வ் ஊசியைக் குச்சியால அமுக்கி நாலு டயர்லயும் பாதிக்கு மேல காத்தை இறக்கினார். வண்டியைக் குழியில இருந்து மட்டும் இழுத்துவிட்டார். மீதி தூரம் ஜிம்னி தானா வந்தது. அதே பட்டன், அதே வண்டல், அதே டிரைவர். மாறினது காத்து மட்டும்தான்.

ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். வண்டி 1,200 கிலோ, நாங்களும் சாமானும் 200 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. 35 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.46 கிலோ. வகுத்தா 142 சதுர சென்டிமீட்டர். டயர் தரையைத் தொடுற இடம் அவ்வளவுதான், ஒரு தபால் கார்டைவிடக் கொஞ்சம் பெருசு. 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா அது 311 ஆகும், அதாவது ரெண்டரை தபால் கார்டு. சைட்வால் விறைப்பை நான் கணக்குல சேக்கலை, அதனால உண்மையான எண் கொஞ்சம் மாறும். ஆனா விஷயம் மாறாது.

இதுல அகலம் எங்கயாவது வந்ததா? வரலை. எடையும் அழுத்தமும் ஒண்ணா இருந்தா, அகல டயருக்கும் ஒல்லி டயருக்கும் தரையைத் தொடுற பரப்பு ஏறத்தாழ ஒண்ணுதான், வடிவம் மட்டும் மாறும். அகல டயர்ல அது குட்டையா, குறுக்கா இருக்கும். ஒல்லி டயர்ல வண்டி போற திசையில நீளமா இருக்கும். குறுக்கா இருக்கிறது சேத்தை ஒரு சுவர் மாதிரி முன்னால தள்ளிக்கிட்டே போகணும். நீளமா இருக்கிறது சேத்தைக் கிழிச்சு அடியில இருக்கிற கெட்டித் தரையைத் தேடும்.

நம்ம பக்கம் வயல்காட்டுப் பாதைக்கு அடியில பெரும்பாலும் சரள் இருக்கு, மேலதான் சகதி. கிழிச்சு இறங்குற டயர்தான் இங்க ஜெயிக்கும். ரெண்டாம் உலகப் போர் ஜீப்புக்கு 6.00-16 அளவு டயர், அகலம் வெறும் ஆறு அங்குலம். அதுவும் முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரி இழுக்கிற பட்டன். ஏன்னா சேத்துல மாட்டினா ரிவர்ஸ்லதான் பாதி பேர் வெளிய வர்றாங்க.

அடியே இல்லாத ஆழமான சகதியில அகல டயர் மிதந்து போகும், ஒத்துக்கிறேன். ஆனா அந்த மாதிரி இடத்துக்கு நடுவை நேரத்துல டிராக்டரே கேஜ் வீல் மாட்டிக்கிட்டுத்தான் இறங்குது. அங்க காரைக் கொண்டு போய் நிறுத்தினா டயர் மேல குத்தம் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்க. நாசரேத்துல இருந்து தெக்க கொஞ்ச தூரம் போனா தேரி, செம்மணல். மட் டயரோட கட்டைப் பட்டன் காஞ்ச தேரியில மண்வெட்டி வேலை பாக்கும். சுத்தச் சுத்தக் குழி தோண்டி வண்டியை அதுக்குள்ள இறக்கிடும். அங்க வேணும்கிறது வழவழப்பான டயரும் குறைஞ்ச காத்தும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மழை பெஞ்சா வயல் இளகும், தேரி இறுகும். மழைக்காலத்துல தேரிப் பாதைதான் நல்ல பாதை!

வடக்க விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் வேற ஜாதி. ஈரக் கரிசல் எந்தப் பட்டனையும் ரெண்டு நிமிஷத்துல மூடிடும். அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் நம்ம ஹாஸ்டல்ல இருக்கான். அவங்க ஊர்ல என்ன டயர் போடுவாங்கன்னு கேட்டேன். "டயரா? காயற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டோம்"னான்.

ஒரே மாவட்டத்துல மூணு மண். மூணுக்கும் ஒரே டயர் பதில் சொல்லாது. காத்து சொல்லும்.

அப்ப எந்த டயர்தான் வாங்கறது? பழைய டயர் தேஞ்சு போச்சுன்னா, கம்பெனி அளவுலயே ஆல் டெரைன் வாங்குங்க. ஜிம்னிக்கு அது 195/80 ஆர் 15, மொத்த விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். "ஒரு சைஸ் ஏத்தினா கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும்"னு கடையில சொல்வாங்க. 215/75 போட்டா விட்டம் 703 மில்லிமீட்டர் சொச்சம். அதுல பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் நடுவுல சேரும், அதாவது 5 மில்லிமீட்டர். இந்த 5 மில்லிமீட்டருக்குத்தான் அவ்வளவு செலவு!

சித்தப்பா போட்ட 235/75-ல ஏறினது 20 மில்லிமீட்டர். பதிலுக்கு கியர் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீண்டு போச்சு, 1.5 லிட்டர் இன்ஜின் மேட்டுல மூச்சு வாங்குது. ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைச்சுக் காட்டும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உரசுற சத்தம் இலவசம். நாம ஓட்டுறதுல பெரும் பகுதி தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போற தார் ரோடுதானே. நனைஞ்ச தார்ல மட் டயர் நிக்கிறதுக்கு அதிக தூரம் எடுக்கும், ஏன்னா ரோட்டைத் தொடுற ரப்பர் கம்மி.

காசு பத்தலைன்னு ரெண்டு டயர் மட்டும் மாத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண காருக்குச் சரி. பார்ட்-டைம் 4-வீல் டிரைவ்ல முன்னாடியும் பின்னாடியும் விட்டம் வேற வேறயா இருந்தா, 4-வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கிட்டு நிக்கும். நாலும் ஒண்ணா மாத்துங்க, இல்லைன்னா பொறுங்க.

மிச்சமாகிற காசுல ஒரு பிரஷர் கேஜ், 12 வோல்ட் பம்ப், நல்ல இழுவைக் கயிறு வாங்கிடலாம். சேத்துக்கு முன்னால நிறுத்தி 16, 18-க்கு இறக்குங்க. அதுக்குக் கீழ போனா டயர் ரிம்மை விட்டுக் கழலலாம். இறக்கின காத்தோட மெதுவாத்தான் போகணும், சட்டுனு ஒடிக்கக் கூடாது. தார் ரோடு வந்ததும் பழையபடி ஏத்திடணும். இல்லைன்னா சைட்வால் சூடேறி வெடிக்கும். பத்து நிமிஷ வேலை. இந்தப் பத்து நிமிஷம் சோம்பேறித்தனப்பட்டுத்தான் பாதிப் பேர் மட் டயர் வாங்குறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசியா ஒண்ணு, இதைத்தான் எழுதணும்னு உக்காந்தேன். மட் டயர் போட்ட வண்டியில உக்காந்தா ஒரு தைரியம் வருது பாருங்க, அது சேத்தோட நிக்கிறதில்லை. ஓடுற தண்ணியையும் சேறு மாதிரியே நினைக்க வைக்குது. அந்த வெள்ளத்துல சித்தப்பாவும் முதல் நாளே கிளம்பறேன்னு நின்னார், சித்தி சாவியை எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க.

ஜிம்னியோட நீளம் 3.985 மீட்டர், அகலம் 1.645 மீட்டர். சக்கர இடம், வளைவு எல்லாம் கழிச்சாலும் அடிப்பரப்பு 5 சதுர மீட்டர் இருக்கும். வண்டியோட அடித்தட்டுக்கு மேல 10 சென்டிமீட்டர் தண்ணி ஏறினா, அது தூக்குற எடை 500 கிலோ. இன்னும் 15 ஏறினா மொத்த வண்டியும் மிதக்கும். உள்ள தண்ணி புகுந்தா எடை கூடும்தான், ஆனா அதுக்குள்ள வெள்ளம் வண்டியை ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கும். தரையைத் தொடாத டயர்ல எந்தப் பட்டன் இருந்தா என்ன? டயருக்குள்ள இருக்கிற காத்தும் சேந்து தூக்கும்.

சித்தப்பா பொங்கலுக்கு முன்னாடியே மச்சுல கிடந்த பழைய டயர்களை இறக்கி மாட்டிட்டார். மட் டயர் நாலும் இப்ப வீட்டுக்குப் பின்னால கிடக்கு, ஒண்ணுல சித்தி கத்தாழை வச்சிருக்காங்க. டேஷ்போர்டுல ஒரு பிரஷர் கேஜ் இருக்கு. 400 ரூபா, நான்தான் வாங்கிக் கொடுத்தேன். காசு இன்னும் வரலை.