வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாது

சனிக்கிழமை காலை கூட்டாளிமார் நாலு பேர் மட்டக்களப்பு வாவியில் கயாக் ஓட்டினோம். நல்ல வெயில், காற்றில்லை. கண்டல் ஓரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவிட்டிருந்தது. மாஷா அல்லாஹ்! இவ்வளவு காலமும் இந்த வாவியைக் கல்லடிப் பாலத்துக்கு மேலால்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது ஒருவர் செல்ஃபிக்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார். "நீந்தத் தெரியுமா?" என்றேன். தெரியாதாம். விசாரித்தால் நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் எங்கள் காத்தான்குடி!

2021இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. 2024 வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரம் இழுபட்டது. இரண்டிலும் பிள்ளைகளை அடக்கினோம். அந்த வெள்ளத்தில் நீச்சல் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாதாமாதம் டியூஷனுக்குக் கொடுக்கிற நாம், நீச்சலுக்கு ஒரு லீவையாவது ஒதுக்கினோமா?

பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்தால் ஆகஸ்ட் லீவில் தொடங்கலாம். மாரியில் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு வேறு நாள், பெண் பயிற்றுநர். பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வையுங்கள், முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.