பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்



குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. உங்களில் பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவீர்கள். அதற்குள் போன வருஷம் நான் படித்த ஒரு பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஜூலையில் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, நேரே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. "பேட்டரி போயிட்டு சார், மாத்திருங்க" என்றார். நானும் யோசிக்காமல், "இருக்கதுலயே பெரிசாப் போடுங்க" என்றேன். என்னுடையது சின்ன பெட்ரோல் கார். அதில் இருந்தது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, போட்டுக்கொண்டு வந்தது 45. இத்தனைக்கும் வருஷக்கணக்காக மின்னோட்டப் பாடம் நடத்தியவன் நான்!

நவம்பரில் ஒரு நாள் விடிகாலை நாலரை மணி. அக்காவை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிப்போக வேண்டும். வெளியே அடைமழை. வண்டி அசையவில்லை. நாலே மாதப் பேட்டரி! அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவள் முறை தள்ளிப்போய்விட்டது. மதியம்தான் படுக்கை கிடைத்தது.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் வந்தான். இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தான். 13 வோல்ட்டைத் தாண்டவில்லை. "சார், பேட்டரி மேல தப்பே இல்ல. ஆல்டர்னேட்டர் சரியா சார்ஜ் ஏத்தல. தொட்டியப் பெரிசாக் கட்டிட்டீங்க, மோட்டார் தண்ணி ஏத்தணும்லா?" என்றான். மழையில் விளக்கும் வைப்பரும் ஓடும்போது ஏறுவதைவிட இறங்குவது அதிகம். வாத்தியாருக்கு மாணவன் போட்ட மார்க் அது.

அதனால் என் கருத்து இதுதான். சரியான பேட்டரி என்பது பெரிய பேட்டரி இல்லை, வண்டி கேட்கிற பேட்டரி. அதையும், பழசு செத்துவிட்டது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகுதான் வாங்க வேண்டும்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 12.6. ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் அந்த அளவு இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் ஆல்டர்னேட்டர், பெல்ட், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப்பூ இவற்றைப் பாருங்கள். சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும். அங்கே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பேட்டரிதான் போனது என்று உறுதியானால், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவையே கேளுங்கள். பிளஸ் முனை எந்தப் பக்கம், தட்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஆடும் பேட்டரி நம் ஊர்ப் பள்ளங்களில் சீக்கிரம் கெடும். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வண்டி என்றால் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்று புத்தகத்தில் இருக்கும். அங்கே சாதாரணப் பேட்டரி போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வாரண்டியையும் வாசித்துப் பாருங்கள். பல வாரண்டிகளில் முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று, மீதி நாளுக்கு விலையில் தள்ளுபடி மட்டுமே.

"கடைக்காரருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது மாமா?" என்று என் தங்கை மருமகன் கேட்டார். நியாயம்தான், சீசன் நேரத்தில் கடையில் கூட்டம். ஆனால் ஐந்து நிமிடம் அளந்து பார்க்காத கடையில் ஐயாயிரம் ரூபாயைக் கொடுக்க நமக்கு மட்டும் என்ன அவசரம்?

இன்னொன்று. பழைய பேட்டரியைக் கூடுதல் காசுக்கு ஆசைப்பட்டுப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். கொல்லைப்புறத்தில் அதை உடைத்து உருக்கினால் அந்த ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலந்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து, விலையில் கழித்து, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியை வாரக்கணக்கில் மூடிப்போட்டு வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை செங்கோட்டை வரையாவது போய் வாருங்கள்.

அக்கா இப்போதும் வாரம் இரண்டு நாள் என்னோடுதான் வருகிறாள். ஏறும்போதெல்லாம், "தம்பி, அளந்து பாத்தியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாள்.

சாரலுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கும் வாருங்கள். மீட்டர் என்னிடம் இருக்கிறது.