கிடந்த கார் ஏன் இழுக்கவில்லை?

இந்தமுறை நாங்கள் விட்ட ஒரு பிழையோடுதான் பக்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்களோடு பின்னேர ஷிஃப்ற்றில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. ஊரில் அவருடைய தகப்பனார் அதே மாதிரிக் காரைத்தான் வாடகைக்கு ஓடினார். அந்த ஆசையில் வாங்கினார். மூன்று பனிக்காலம் ஸ்காபரோவில் கராச்சுக்குள் மூடிக்கிடந்த காரைச் சித்திரையில் வெளியே எடுத்தார். புதுப் பற்றறி போட்டதும் ஸ்ராட் ஆனது. நின்ற இடத்தில் எஞ்சின் அழகாக ஓடியது. ஆனால் மோர்னிங்சைட் வீதி ஹைலண்ட் கிறீக் பள்ளத்தில் இறங்கி ஏறுகிற இடத்தில் காருக்கு மூச்சு முட்டியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்க அடிக்க இரண்டாம் கியரில் ஊர்ந்து வந்தாராம்.

எங்களைக் கேட்டார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டாலும் தொழிற்சாலையில் மெசின் பார்க்கிறவர்கள்தானே என்ற துணிவில், "காபரேற்றர்தான், மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டோம். 600 டொலர் போனது. எல்லாம் ஓவர்ரைம் காசு. கார் பழையபடிதான். நண்பர் எங்களை ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேறு மேசைக்குப் போய் இருந்துகொண்டார்.

அவருடைய மாமனாருக்கு வயது 76. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கார் திருத்தியவர். ஒன்ராறியோவில் அந்தத் தொழில் செய்ய 310-எஸ் என்ற சான்றிதழ் வேண்டும். அவர் வந்து இறங்கும்போதே அறுபதைத் தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவதுதான் இப்போது அவருடைய வேலை. ஒரே வீட்டில் இருக்கும் அந்த மனிசனைக் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை அவராகவே வந்தார். ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஸ்ரியறிங்கைத் தேடிவிட்டுச் சிரித்தார். பிறகு பொனற்றைத் திறக்காமலே, "தம்பிமார், முதல்ல காரைத் தள்ளுங்கோ" என்றார்.

கிடந்த காரில் பிறேக் இறுகிப் பிடித்திருக்கும். எஞ்சினில் பிழை இல்லாவிட்டாலும் கார் இழுக்காது. நியூற்றலில் தள்ளினால் இலகுவாக உருளவேண்டும். ஓடிவிட்டு வந்தபின் ஒரு சில்லு மட்டும் சுட்டால் அங்கேதான் பிழை. எங்கள் கார் உருண்டது.

அடுத்தது பெற்றோல். கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழுதான பெற்றோல் வார்னிஷ் போல மணக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். ஒன்ராறியோவில் 2007 முதல் பெற்றோலில் எத்தனோல் கலக்கவேண்டும் என்பது சட்டம். எத்தனோல் ஈரத்தை இழுக்கும், பழைய கார்களின் றப்பர் குழாய்களையும் அரிக்கும். ஆனால் இங்கே பெற்றோல் புதிது, குழாயும் சுகம்.

மூன்றாவது தீப்பொறி. பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தார். பொயின்ற் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, சரியாக இருந்தது. பிறகு டிஸ்றிபியூட்டருக்குள் இருக்கும் றோட்டரை, அது சுற்றும் பக்கமாக விரலால் திருப்பினார். அது கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிறிங்கில் பின்னுக்கு வரவேண்டும். அசையவேயில்லை.

"இதுதான்" என்றார்.

எஞ்சின் வேகம் கூடக்கூடத் தீப்பொறி கொஞ்சம் முந்தி விழவேண்டும். அதற்கென்று டிஸ்றிபியூட்டருக்குள் இரண்டு சின்னப் பாரங்கள் இருக்கின்றன. வேகத்தில் அவை விரிந்து தீப்பொறியை முந்தவைக்கும். கிடந்த காலத்தில் கிறீஸ் காய்ந்து அவை இறுகிவிட்டன. அதனால் நின்ற இடத்தில் நன்றாக ஓடும், ஏற்றத்தில் இழுக்காது. புதிதாக இருந்தபோதே அந்த 948 சிசி எஞ்சினுக்கு 37 குதிரைவலுதான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் தெரியும். இதுவும் சரியாக இருந்திருந்தால் கடைசியாக நாலு சிலிண்டரிலும் கொம்பிறெஷன் அளந்திருப்பாராம்.

துப்பரவாக்கி, மெல்லிய எண்ணெய் சில துளி விட்டார். ஒரு மணித்தியாலம். செலவு ஒன்றுமில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டோம். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் தடை. பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். ரைமிங்கைப் பின்னுக்கு வைத்துக் காதால் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். உதிரிப்பாகமும் இல்லை.

"மாத்த சாமான் இல்லாத ஊரில, பிழை எங்கை எண்டு தெரிஞ்ச பிறகுதான் தம்பி ஸ்பானரைத் தொடுவம். இஞ்சை கடை நிறையச் சாமான். அதால நீங்கள் யோசிக்கிறேல்லை."

எங்களுக்கு அது சுட்டது. சுடவேண்டியதுதான்.

அன்று பின்னேரம் அதே பள்ளத்தில் கார் மூன்றாம் கியரில் ஏறியது. நண்பர் ஓட, ஐயா பக்கத்தில் இருந்து கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். 600 டொலரில் பாதியை நாங்கள் தருகிறோம் என்றோம். நண்பர் வாங்கவில்லை. "காசு வேண்டாம், எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டோம்.

வாசகர்களே, பழைய காரைப் பனிக்காலத்துக்கு மூடுமுன் ராங்கை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் இருக்கும் மருந்தை விட்டுச் சிறிது ஓட்டுங்கள். பற்றறியைக் கழற்றுங்கள். ஹான்ட்பிறேக்கை இழுத்து விடாதீர்கள், சில்லுக்குக் கட்டை வையுங்கள். மூடிய கராச்சுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். கார் இழுக்காவிட்டால் கடைக்கு ஓடுமுன், வீட்டில் இருக்கும் பெரியவரை ஒருமுறை கேளுங்கள்.