காசு இருந்தா போதுமா? ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும்!

தர்மபுரி,

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை கப்பலில் வரவழைத்து ஒகேனக்கல் ரோட்டில் பறக்க ஆசையா? பணம் மட்டும் பத்தாது!

அமெரிக்காவில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். அதனால் ஸ்டியரிங் இடது பக்கம். நம்ம ஊரில் தலைகீழ்.

பென்னாகரம் தாண்டி, மலைப்பாதையில் முன்னால் லாரி போகிறது. முந்தணும். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியுமா? லாரியின் முதுகுதான் தெரியும்!

அதனால்தான் புதுக் கார் இறக்குமதி விதி கறாராகச் சொல்கிறது: ஸ்டியரிங் வலது பக்கம், வேகமானி கிலோமீட்டரில், ஹெட்லைட்டும் நம்ம ரோட்டுக்கு ஏற்றபடி. சுங்கவரி, ஆயுள் வரி தனி.

1964-ல் பிறந்த ஃபோர்டு மஸ்டாங், கம்பெனியிலேயே வலது பக்க ஸ்டியரிங்கோடு தயாரானது 2015 மாடலில்தான். மறு வருஷமே இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

விதியை வீண் கெடுபிடி என்று நினைக்காதீங்க. வளைவில் எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பது நாமதான்!