பின்சீட்டில் உட்கார்ந்து வருபவர்களுக்கு

வெளியூர்ப் பயணம் என்றால் இரண்டு நாள் முன்பே கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். பார்க்கிற இளையவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அதான் போன்லயே இருக்கே, கம்ப்யூட்டர் எதுக்கு?" கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

கைபேசியின் திரை உள்ளங்கை அகலம். வண்டி ஓடும்போது அதில் தெரிவது அடுத்த திருப்பம். ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்வது வேறு வேலை. அதற்குப் பாதை முழுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கைபேசியில் சுருக்கினால் ஊர்ப்பெயர்கள் மறைகின்றன. பெயரைப் படிக்கப் பெரிதாக்கினால் பாதை மறைகிறது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி மாஹேயையே எடுத்துக்கொள்வோம். ஒரே நிர்வாகம்தான், ஆனால் புதுச்சேரியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். சேலம், கோவை வழியாகப் போனால் பாலக்காட்டுக் கணவாயில் பெரிய மலையேற்றம் இல்லாமல் கேரளத்துக்குள் நுழைந்து, கோழிக்கோடு வழியாக வடக்கே போய்ச் சேரலாம். பெங்களூர், மைசூர் வழியாகப் போனால் எங்காவது ஓரிடத்தில் மலையிறங்கியே ஆக வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை வழியாக வயநாடு போக நினைத்தால், அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. அதைத் தாண்டினால் தாமரைச்சேரி சுரத்தில் 9 கொண்டை ஊசி வளைவுகள்.

செயலி நிமிடக் கணக்கைத்தான் பெரிதாகப் பார்க்கும். பின்சீட்டில் இருப்பவருக்கு முழங்கால் வலியா, சர்க்கரையா, இரண்டு மணிக்கு ஒருமுறை கழிவறைக்குப் போக வேண்டுமா, மலைப்பாதையில் குமட்டுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அப்படியிருக்க, முடிவை மட்டும் ஏன் அதனிடம் விட வேண்டும்?

கணினியில் இந்த வேலை எளிது. நீலக் கோட்டை மவுஸால் பிடித்து வேறு சாலைக்கு இழுக்கலாம். கைபேசியில் இது முடியாது. இடையில் ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் எப்போது சேருவோம் என்று பார்க்கலாம். முடித்ததும் அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாம், ஓட்டுபவரின் கைபேசிக்கும் அனுப்பிவிடலாம். ஒரு எச்சரிக்கை: கோட்டை இழுத்து மாற்றிய பாதை கைபேசிக்குப் போனபின் சில நேரம் பழையபடி மாறிவிடும். போக விரும்பும் வழியிலுள்ள ஊரையே ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுவது நல்லது. வேஸ் செயலிக்கும் கணினியில் வரைபடப் பக்கம் உண்டு. இதற்காகக் கைபேசியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு, பழைய கணினியைத் திணறடிக்கத் தேவையில்லை. சாதாரண பிரௌசரே போதும்.

"போகிற வழியில் நெரிசல் வந்தால் உங்கள் திட்டம் என்ன ஆகும்?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நெரிசலைச் சொல்லக் கைபேசி இருக்கட்டும். திருப்பத்தைக் குரலில் சொல்லும் வேலையும் அதனுடையதுதான். கணினியை யாரும் காரில் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் மலையேறுவதா வேண்டாமா, இரவில் எந்த ஊரில் தங்குவது என்பதெல்லாம் சேலம் பைபாஸில் நின்றுகொண்டு முடிவு செய்கிற விஷயங்கள் அல்ல.

இது கிழவர்களின் பிடிவாதமும் அல்ல. பிரெஞ்சில் 'இத்தினெரேர்' என்றொரு சொல் உண்டு. எந்தெந்த ஊர் வழியாகப் போகிறோம் என்ற வழித்திட்டம். டயர் செய்யும் மிஷ்லேன் நிறுவனம் 1908-இலேயே பாரிசில் இதற்கென ஓர் அலுவலகம் திறந்தது. கார்க்காரர்கள் கேட்டால், போகும் வழியை எழுதி இலவசமாக அனுப்பிவைத்தார்கள். கார் வந்த புதிதிலேயே, கிளம்புமுன் பாதையைப் பார்ப்பது பயணத்தின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. அதே வேலையை நம் மேசையிலேயே செய்துகொள்ளும் வசதி இன்று இருக்கிறது. நாம்தான் வேண்டாம் என்கிறோம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. "நீங்க பேசாம ஏறி உக்காருங்க, மேப் பாத்துக்கும்" என்று சொல்லும்போது, டிக்கியில் இருக்கும் பெட்டியோடு நம்மையும் சேர்த்துவிடுகிறார்கள். நம்மில் பலரும் அதற்குச் சம்மதித்துவிட்டோம். ஏழு மணி நேரம் உடம்பு நோக உட்கார்ந்து வருவது நாம். எந்த வழி என்று மட்டும் கேட்கக் கூடாதாம்.

அடுத்த பயணத்துக்கு முன்பு வீட்டுக் கணினியில் அரை மணி நேரம் உட்காருங்கள். இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு, நிறுத்தங்களைக் குறித்து, ஒரு தாளில் அச்சிடுங்கள். பிள்ளைகள் வண்டியை ஓட்டட்டும். அந்தத் தாளை மட்டும் கிளம்புவதற்கு முதல் நாளே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.