"சர்வர் டவுன்" என்பது ஒரு பதிலா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கணினித் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு அதில் வேலை வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு நம் ஊரில் அதிகமாகச் சொல்லப்படும் சாக்கு எது என்று கேட்டால், "சர்வர் டவுன்" என்பேன். ரேஷன் கடையில் சர்வர் டவுன். வங்கியில் சர்வர் டவுன். பத்திரம் பதியப் போனால் சர்வர் டவுன். எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை ஆட்டோ பிடித்து ஓர் அலுவலகத்துக்குப் போய் வந்தார். மூன்று முறையும் அதே இரண்டு வார்த்தை. எப்போது வரட்டும் என்று கேட்டதற்கு, "நாளைக்கு வந்து பாருங்க" என்றார்களாம். அந்த ஆட்டோ காசை சர்வரா கொடுக்கும்?

இலக்கணம் நடத்தியவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். "மழை பெய்தது" என்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. "சர்வர் டவுன்" என்பதையும் அதே தொனியில்தான் சொல்கிறார்கள், ஏதோ வானத்திலிருந்து விழுந்தது போல. சர்வர் மழை அல்ல. அது ஒரு கணினி. அதை ஒருவர் வாங்கினார், ஒருவர் நிரல் எழுதினார், ஒருவர் பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறார். "டவுன்" என்ற சொல் இத்தனை பேரையும் ஒளித்து வைத்துவிடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்துக்குப் பதில் சர்வர்.

உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், உங்கள் கோரிக்கை முதலில் வாசலில் நிற்கும் சர்வருக்குப் போகிறது. அது உள்ளே இருக்கும் செயலிக்கு அனுப்புகிறது. செயலி, தரவுத்தளம் என்னும் பெரிய பேரேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்கிறது. எங்கே சிக்கல் என்பதை அந்த இயந்திரமே ஓரளவு சொல்லிவிடும். 404 என்றால் கேட்ட பக்கம் அங்கே இல்லை. 500 என்றால் உள்ளே ஏதோ பிழை. 503 என்றால் இப்போது சேவை தர முடியாத நிலை. 504 என்றால் வாசலில் இருப்பவர் உள்ளே கேட்டுவிட்டுக் காத்திருந்தார், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. நான்கும் நான்கு வேறு நோய்கள். நான்குக்கும் ஒரே பெயரை வைப்பது, வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் "உடம்பு சரியில்லை" என்று மருந்துச் சீட்டு எழுதுவது போல.

காரணங்களும் பெரும்பாலும் சாதாரணமானவை. பதிவுக் கோப்புகளை யாரும் சுத்தம் செய்யாமல் வன்தட்டு நிரம்பிப் போவது. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது. அதன் கடைசித் தேதி வாங்கிய அன்றே தெரியும், நம் வண்டி இன்சூரன்ஸ் போல. இன்னொன்று தரவுத்தளத்தில் நெரிசல். ஒரு கணக்குப் போடுவோம். தரவுத்தளத்துக்கு 100 வாசல்கள் இருக்கின்றன. ஒரு வேலை முடிய அரை வினாடி என்றால், வினாடிக்கு 200 பேர் போய் வரலாம். ஒரு மோசமான வினவலால் அதே வேலைக்கு 5 வினாடி ஆனால், வினாடிக்கு 20 பேர்தான். கூட்டம் கூடவே இல்லை, ஆனால் வெளியே வரிசை நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "கூட்டம் அதிகம்" என்று அறிக்கை விடுகிறார்கள்.

கண்காணிப்பு என்பது பெரிய ரகசிய வித்தை அல்ல. கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: பதில் வர எவ்வளவு தாமதம், எத்தனை கோரிக்கைகள் வருகின்றன, எத்தனை பிழையாகின்றன, இயந்திரம் எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது. வகுப்பாசிரியர் தினமும் செய்கிற வேலைதான். யார் வந்தான், யார் தாமதம், யார் தப்பாக எழுதினான், பெஞ்சில் இடம் இருக்கிறதா?

இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. அது சராசரி. 95 பேருக்கு 1 வினாடியில் பதில் வருகிறது, 5 பேர் 60 வினாடி காத்திருக்கிறார்கள் என்றால் சராசரி 4 வினாடிக்கும் குறைவு. அறிக்கை அழகாக இருக்கும். அந்த 5 பேர்தான் மறுபடி ஆட்டோ பிடிக்கிறார்கள். வகுப்புச் சராசரி 70 என்று மார்தட்டும் பள்ளியில், தோற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவன்தான் ஆசிரியர்.

"சார், கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் வக்காலத்து வாங்குவீர்கள். நம் சூரமங்கலத்தில் இருந்தே பதில் சொல்கிறேன். ஜங்ஷனும், 2007 நவம்பர் 1-இல் பிறந்த சேலம் கோட்டத்தின் தலைமையகமும் நம் பக்கத்தில்தான். ஐஆர்சிடிசி 2002-இல் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணி. அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டாத வீடு உங்களில் எத்தனை? ஆனால் கூட்டம் எந்த நிமிடம் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் கூட்டம் வரும் என்று தெரிந்துதானே தடுப்புக் கட்டை போடுகிறோம்?

அங்கே பதிவுகளை உட்கார்ந்து ஆராய்ந்தபோது என்ன தெரிந்தது? தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் உள்ளே நுழைய முயன்றவற்றில் 50 சதவீதம் வரை மனிதர்களே அல்ல, தானியங்கி நிரல்கள் என்று ரயில்வே 2025 ஜூனில் அறிவித்தது. 2.5 கோடிக்கும் மேற்பட்ட சந்தேகக் கணக்குகளை முடக்கினார்கள். அந்தத் தடுப்புகளைப் போட்ட பிறகு 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பார்த்தால் தெரிகிறது, தெரிந்தால் திருத்த முடிகிறது என்கிறேன். பார்க்காதவரை அது "மக்கள் கூட்டம்" என்றுதான் நம் தலையில் விழுந்தது.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. வருமான வரியின் புதிய தளம் 2021 ஜூன் 7 அன்று திறந்தது. செய்தது இன்ஃபோசிஸ், சாதாரண நிறுவனம் அல்ல. ஆகஸ்டில் இரண்டு நாள் தொடர்ந்து தளம் கிடைக்காமல் போய், 23-ஆம் தேதி நிதியமைச்சர் நிறுவனத் தலைவரை நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்பீட்டுக்காக அரசு திறந்த தளத்தில் முதல் நாள் பதிவை முடித்தவர்கள் 6 பேர். மீட்க வந்த குழு பார்த்த முதல் குறை என்ன தெரியுமா? தளம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஒரு பலகைகூட அங்கே இல்லை. அதைத்தான் முதலில் வைத்தார்கள். நிதியமைச்சர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். தெருவில் நிற்கும் அந்த அம்மா யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்?

கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அவரும் நம்மைப் போல மாட்டிக்கொண்டவர்தான். கணினியை நம்பி மனிதரைக் குற்றவாளி ஆக்கினால் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்து பார்த்துவிட்டது. ஹொரைசன் என்ற மென்பொருள் காட்டிய தவறான கணக்கை வைத்து, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் அலுவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் சட்டமே தேவைப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

1. ஒவ்வொரு பொதுச் சேவைக்கும் தமிழில் ஒரு நிலைப் பலகை வேண்டும். எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை, எது வேலை செய்யவில்லை, எப்போது சரியாகும் என்று அதில் இருக்க வேண்டும்.

2. திரும்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் தேதி, நேரம் போட்ட ஒரு சீட்டு தர வேண்டும். சேவை நின்ற நாட்கள் கடைசித் தேதியில் தானாகச் சேர வேண்டும்.

3. சோதனை, தரவு மையத்துக்குள் இருந்து மட்டும் நடக்கக்கூடாது. சூரமங்கலத்தில் ஒரு சாதாரணப் போனில் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

4. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். ஆளைத் தூக்கிலிட அல்ல, அதே பிழை மறுபடி வராமல் இருக்க.

5. காகிதத்தில் செய்யும் மாற்று வழி எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

இனி கணினித் துறைப் பிள்ளைகளுக்கு. ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காவில் இருந்தாலும் சரி, பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருந்தாலும் சரி, "ரீஸ்டார்ட் பண்ணிட்டோம், சரியாயிடுச்சு" என்பதைத் தீர்வு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்கித் துடைப்பது போன்ற வேலை அது. நினைவகத்தில் இருந்த தடயம் போய்விடும், திருடன் அடுத்த வாரம் அதே ஜன்னல் வழியாக வருவான். முதலில் நிலையைப் பதிந்து வையுங்கள், பிழைப் பதிவைப் படியுங்கள், பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் திரையில் பார்க்கும் ஒவ்வொரு 504-க்கும் பின்னால் ஒருவர் வெயிலில் நிற்கிறார் கண்ணுங்களா.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை "சர்வர் டவுன்" என்று கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள், மரியாதையோடு. எப்போதிலிருந்து? எந்தச் சேவை? மேலே யாரிடம் தெரிவித்தீர்கள்? பதிலைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து இங்கே கருத்தில் எழுதுங்கள், தொகுத்து மாவட்ட ஆட்சியருக்கு மனுவாகக் கொடுக்கிறேன். அவர்கள் கண்காணிக்காவிட்டால், நாம் கண்காணிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
சூரமங்கலம், சேலம்.