வெள்ளையாய்க் கிடக்கும் நோட்டு

எங்கள் பட்டறை கேட்டைத் தாண்டியதும் வலது கைப் பக்கம் ஒரு பச்சைப் பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று பெயின்ட்டில் எழுதி, அதற்குக் கீழே சாக்பீஸில் ஓர் எண். இன்று காலை 412. நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி வீட்டுக்குக் கிளம்புமுன் பழைய எண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, புதியதை எழுதிவிட்டுப் போகிறார்.

அந்த எண் பொய். எனக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். போன ஆடி மாதம் ஷியரிங் மெஷினில் ஒரு ஹெல்பர் பையனுக்கு இடது மோதிர விரலின் நுனி போனது. பழைய பனியனைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துத் தெருத் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்து அறிக்கை கொடுக்க வேண்டிவரும். ஒன்பது நாள் அவன் வேலைக்கு வரவில்லை. பதிவேட்டில் காய்ச்சல் என்று எழுதினார்கள். அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனாலே அதை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. விரல் போன அன்றைக்கும் பலகையில் ஓர் எண் கூடியது.

திருவொற்றியூரில் இந்தப் பட்டறையில் 22 வருஷமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். டேங்க், பைப், ஸ்ட்ரக்சர் வேலைகள். துறைமுகத்துக்கும் மணலிப் பக்கத்து ஆலைகளுக்கும் போகும் சாமான்கள். சொந்த ஆட்கள் எழுபது பேர், காண்ட்ராக்ட்டில் நூற்றைம்பது பேர். சென்ற ஆண்டு ஒரு பெரிய டெண்டரில் ஐ.எஸ்.ஓ. 45001 என்ற பாதுகாப்புச் சர்டிபிகேட் கேட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "மூணு மாசத்துல வந்தாகணும், ஸேஃப்டியையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து இந்த ஆதங்கம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தத் தரநிலை பிடித்திருந்தது. ஐ.எஸ்.ஓ. 45001 என்பது 2018 மார்ச்சில் வந்தது. அதற்கு முன் இருந்த ஓசாஸ் 18001-க்குப் பதிலாக வந்தது. ராத்திரி சாப்பிட்டபின் உட்கார்ந்து படித்தேன். வேலை செய்கிறவனைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதே என்று அதில் தனிப்பகுதியே இருக்கிறது. ஆபத்தைக் கையாள ஒரு வரிசையும் இருக்கிறது. முடிந்தால் ஆபத்தை அடியோடு நீக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்போ, காற்றோட்டமோ, கவசமோ போட்டு ஆளையும் ஆபத்தையும் பிரி. பிறகு வேலை முறையை மாற்று, பயிற்சி கொடு. ஹெல்மெட், ஷூ, கிளவுஸ் எல்லாம் கடைசி. இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு அந்த வரிசையின் நியாயம் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் எல்லாமே தலைகீழ். ஹெல்மெட்டில் ஆரம்பித்து ஹெல்மெட்டிலேயே முடிந்துவிடுகிறது. தலையில் ஹெல்மெட் இருந்தால் மேலே தொங்கும் இரண்டு டன் பிளேட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கன்சல்டன்ட் வந்தார். பென் டிரைவில் எல்லாம் தயாராக இருந்தது. நடைமுறைகள், படிவங்கள், ஆபத்துப் பட்டியல், கொள்கை அறிக்கை. கம்பெனி பெயரை மாற்றினால் போதும் என்றார். ஆபத்துப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பாய்லர் இருந்தது, கன்வேயர் பெல்ட் இருந்தது. எங்களிடம் பாய்லரும் இல்லை, கன்வேயரும் இல்லை. எங்கள் செயின் பிளாக் அதில் இல்லை. மழை பெய்தால் தகரக் கூரை ஒழுகி வெல்டிங் கேபிள் கிடக்கிற இடத்தில் தேங்கும் தண்ணீர் இல்லை. ஹார்ன் வேலை செய்யாத லாரி ரிவர்ஸில் வருவது இல்லை. பட்டறைக்குள் வந்து ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் என்று கெஞ்சினேன். "சார், ஆடிட்டர் இதையெல்லாம் பாக்க மாட்டார், டாக்குமென்ட்தான் பாப்பார்" என்று பதில் வந்தது. யாரோ ஒருவருடைய ஆலையின் ஆபத்துகளை எங்கள் ஆபத்துகள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எனக்கு அது உறுத்துகிறது.

டேங்க்குக்குள் இறங்கி வெல்டிங் செய்கிற வேலை எங்களிடம் மாதம் நாலைந்து முறை வரும். உள்ளே காற்று கெடும், புகை தங்கும், ஆர்கான் போன்ற வாயு கண்ணுக்குத் தெரியாமல் அடியில் படிந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதனால் பெர்மிட் எழுத வேண்டும், புளோயர் ஓட வேண்டும், வாயு அளவு பார்க்க வேண்டும், மேன்ஹோல் வாயில் ஒரு ஆள் வேலை முடியும் வரை நகராமல் நிற்க வேண்டும். பெர்மிட் புத்தகத்தைப் புரட்டினால் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நானே போய்ப் பார்த்தேன். வாயிலில் யாரும் இல்லை. லாரியிலிருந்து பைப் இறக்க ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே வெல்டர் தனியாக இருந்தார். புளோயரின் குழாய் மடங்கிக் கிடந்தது, காற்று வரவில்லை. நான் குரல் கொடுத்ததும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வாயிலில் நின்றிருக்க வேண்டிய பையனிடம் அன்று காலையே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

காலையில் பத்து நிமிஷம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி டூல்பாக்ஸ் டாக் கொடுக்கிறேன். தமிழில் பேசுகிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள். தலையாட்டுகிறார்கள், நோட்டில் பெயரை எழுதுகிறார்கள். ஒரு நாள் முடிந்ததும் ஒரு பையனை நிறுத்தி, இன்றைக்கு என்ன சொன்னேன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஹெல்மெட் சார்" என்றான். நான் பேசியது ஸ்லிங் அறுவதைப் பற்றி. தப்பு அவனுடையது இல்லை. அவனுக்குப் புரிகிற மொழியில் பேச ஓர் ஆளைக் கொடுங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டேன். காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த இரும்பு அமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். மறுநாள் எங்கள் பட்டறையில் வடநாட்டுப் பிள்ளைகள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் எது தவறியது என்று நான் சொல்லத் தகுதியில்லை. ஆனால் அன்று டூல்பாக்ஸ் டாக்கில் நான் பேசவே இல்லை. அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவனைப் பேசச் சொன்னேன். அவன் மொழியில் பேசினான். அத்தனை பேரும் அப்படி நின்று கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேள்விகூடக் கேட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் ஆலைச் சுவருக்கு உள்ளே நடப்பது உள்ளேயே நிற்பதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பின்னால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது அதே மாதத் தொடக்கத்தில். என் மைத்துனர் வீடு எண்ணூர்ப் பக்கம். அமோனியா கசிந்த ராத்திரி அவர் போன் செய்து, "மாமா, எந்தப் பக்கம் ஓடணும்?" என்று கேட்டார். ஸேஃப்டி பேசுகிற என்னாலேயே உடனே சொல்ல முடியவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே நகர வேண்டும், ஈரத் துணியால் மூக்கை மூட வேண்டும். இதை ஒரு தடவையாவது தெருவில் ஒத்திகை பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

போபாலில் 1984-ல் அத்தனை ஜனம் செத்த பிறகுதான், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயமான வேலையில் இருக்கிற தொழிலாளி உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் சொல்லலாம், அது அவன் உரிமை என்று எழுதினார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 500 பேர் இருக்கும் ஆலையில், அபாயமான வேலை நடக்கும் இடமானால் 250 பேருக்கே, பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் 220 பேர். எங்களுக்குத் தனி அதிகாரி கிடையாது. புரொடக்ஷன் டார்கெட்டைப் பார்க்கிறவனும் நானேதான், ஆபத்தென்றால் வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியவனும் நானேதான். ஒரே ஆள் எப்படி இரண்டையும் செய்வான்?

இனி அந்த நோட்டு. நியர் மிஸ் நோட்டு என்று ஒன்று வைக்கச் சொல்கிறார்கள். மயிரிழையில் தப்பியதை எழுதுவதற்கு. ஸ்பேனர் மேலேயிருந்து விழுந்து யார் தலையிலும் படாமல் தரையில் விழுந்தால் அதை எழுத வேண்டும். இன்றைக்குத் தரையில் விழுந்தது நாளைக்குத் தலையில் விழும் என்பதால். ஆபீஸ் மேஜையில் ஆறு மாதம் கிடந்தது. ஒரு வரி இல்லை. படிவம் முழுக்க இங்கிலீஷ். எழுத ஆபீஸ் ரூமுக்கு வர வேண்டும், மேனேஜர் எதிரில் உட்கார்ந்து எழுத வேண்டும். யார் வருவார்கள்?

அதனால் நானே நோட்டை எடுத்துக்கொண்டு டீ நேரத்தில் பட்டறைக்குப் போனேன். முப்பது வருஷ வெல்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ராயபுரத்துக்காரர். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "எழுதிக்கோ தம்பி. அந்தச் செயின் பிளாக்கு கொக்கில தாப்பாள் ஒடஞ்சி மூணு மாசம் ஆவுது. கம்பி வெச்சிக் கட்டிக்கினு ஓட்றோம்." பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கிரைண்டர் கார்டைக் கழற்றி வைத்தது, கேஸ் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுவது, இரண்டாவது ஏணியின் நாலாவது படி ஆடுவது. ஒரு வாரத்தில் 23 பதிவு. என் கையெழுத்தில், அவர்கள் சொன்ன வார்த்தையில். ஒடிசாப் பையன் சொன்னதை இன்னொருவன் எனக்குத் தமிழில் சொல்லி எழுதியதும் உண்டு. இத்தனை மாதத்தில் அந்த வாரம்தான் ஏதோ ஓர் அமைப்பு உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஆடிட்டுக்கு நாலு நாள் முன்பு மேனேஜர் நோட்டைப் பார்த்தார். முகம் மாறியது. "என்ன சார் இது? இவ்வளவு எழுதி வெச்சா கம்பெனி மேல குறை இல்லையா? புது நோட்டு ஒண்ணு போடுங்க" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். குறை நோட்டில் இல்லை சார், பட்டறையில் இருக்கிறது, நோட்டு அதைக் காட்டுகிறது அவ்வளவுதான் என்றேன். நேரம் இல்லை என்றார். புது நோட்டில் இரண்டு வரி எழுதினார்கள்: தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, துடைக்கப்பட்டது. ஆடிட்டர் அந்தப் பக்கத்தில் டிக் போட்டார். நல்ல முறையில் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். சர்டிபிகேட் வந்தது. கண்ணாடி போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறது.

பழைய நோட்டு என் லாக்கரில் இருக்கிறது. வெல்டர் அண்ணன் இன்றைக்கும் டீ நேரத்தில் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, எழுதனது இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வேன்? கொக்கியின் தாழ்ப்பாளுக்கு இன்டென்ட் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. விலை ஆயிரம் ரூபாய்கூட வராது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அதே கட்டுக் கம்பிதான், ஒரு முறுக்கு தளர்ந்திருந்தது. பிளையர் வாங்கி நானே இறுக்கிவிட்டு வந்தேன். நாளைக் காலை முதல் ஷிஃப்டில் அதில்தான் டேங்க்கின் அடித் தட்டைத் தூக்கப் போகிறார்கள்.